மூணும் ஏழும்

அந்த வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை, காருக்கு மெக்கானிக் பார்த்தார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பவர்களோடு சேர்ந்து மாப்பிள்ளையும் சிரிப்பார். அவர் சிரிக்காமல் இருந்துவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடுமே.

மாமனாருக்கு இரண்டு கார்கள். இரண்டும் ஜப்பான்காரன் செய்தவை, இரண்டிலும் ரோட்டரி எஞ்சின். ஒன்று ஆர்எக்ஸ்-3, எழுபதுகளில் வந்த சின்ன கூபே. மற்றது அதற்குப் பின்னால் வந்த ஆர்எக்ஸ்-7. வீட்டில் அந்த நீளப் பெயரை யாரும் சொன்னதில்லை. மூணு, ஏழு, அவ்வளவுதான். "மூணுக்கு உறை போட்டாச்சா?" என்பார்கள். "ஏழு வெளியில நிக்குது, மழை வருது பாரு" என்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஏதோ பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரோட்டரி என்றால் மற்ற மெக்கானிக்குகள் பெரிய கும்பிடாகப் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் அந்தக் குதியாட்டம் கிடையாது. நிலக்கடலை ஓடு மாதிரி இடுப்பு சிறுத்த ஓர் அறை, அதற்குள் முக்கோணமாக ஓர் இரும்புக் கட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய பட்டையாக ஒரு சீல். அது அறைச் சுவரை ஒட்டியே ஓட வேண்டும். சுவரைக் கீறவும் கூடாது, சுவரைவிட்டு விலகவும் கூடாது.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி" என்று ஒருமுறை அவரே விளக்கினார். கேட்டவர் சிரித்தார். இவரும் சிரித்தார்.

வாலிப வயதில் அவர் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ விட்டுப்போன ரோட்டரி எஞ்சின் ஒன்று மூலையில் கிடந்தது. மதியம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும்போது அதைப் பிரிப்பார், மாட்டுவார், மறுபடி பிரிப்பார். பேச்சுத்துணை வேண்டாத ஆள். அந்தப் பட்டறைக்கு மாமனார் ஒருநாள் மூணைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் கைவிரித்த வண்டி. இவர் அதை ஓட வைத்துக் கொடுத்தார். மாமனார் எஞ்சின் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆகிவிட்டது, அந்த வருஷமே. பின்கட்டில் கார் ஷெட்டு, ஷெட்டுக்கு மேலே இரண்டு அறை. அந்த இரண்டு அறையில் குடித்தனம். கீழே மூணும் ஏழும், மேலே அவரும் மனைவியும். முன்பக்க வீட்டில் மாமனாரும் பெரிய மச்சானும், அதற்கு மாடியில் சின்ன மச்சினன். பெரியவருக்கு டைல்ஸ் கடை. சின்னவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை.

கல்யாணமான புதிதில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். வெளி வண்டிகளையும் ஷெட்டில் வைத்து வேலை பார்க்கட்டுமா, வாசலில் சின்னதாக ஒரு பெயர்ப்பலகை மாட்டட்டுமா என்று. மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் முதுகில் தட்டி, "இந்த வீட்டுல உங்களுக்கு என்ன குறை மாப்பிள்ளை?" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதுமடல் சூடாகிப்போனது இவருக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எதையும் கேட்கவில்லை. மச்சானுக்குப் பிடிக்காத சட்டை வந்தது, போட்டுக்கொண்டார். சின்னவன் மாற்றிய பழைய போன் வந்தது, பேசினார். வந்ததை வாங்கிக்கொள்வதும் ஒரு கௌரவம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் வாய்விட்டுக் கத்தி ஒரே ஒரு முறைதான் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். சின்ன மச்சினன் ஷெட்டில் பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று மூணு வண்டியை ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டான். ரோட்டரிக்கு அது ஆகவே ஆகாது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால் அது நன்றாகச் சூடாகும்வரை விட வேண்டும். பாதியில் அணைத்தால் உள்ளே போன பெட்ரோல் எரியாமல் தங்கி பிளக்கையெல்லாம் நனைத்துவிடும். அடுத்த தடவை சாவியைத் திருப்பினால் தேய்ந்த குரலில் சுற்றும், பிடிக்காது. "தொடாதே! இனிமே இந்த வண்டியை யாரும் தொடாதீங்க!" என்று அவர் கத்தியதில் முன்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. அன்று முழுக்க அவருக்கே அந்தக் குரல் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, யாருடையதோ மாதிரி.

இரண்டு வண்டியையும் அவர் ஒன்று போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒன்று போல நினைத்ததில்லை. ஏழு பளபளப்பு. முகப்பு விளக்கு பட்டனைத் தட்டினால் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும், பின்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. விருந்தாளி வந்தால் ஏழு வெளியே வரும். மூணு அப்படியில்லை. தட்டையான மூக்கு, நாலு வட்ட விளக்கு, குட்டை உடம்பு, லாரி மாதிரி பின்னால் பட்டை ஸ்பிரிங். பின்சக்கர வளைவில் துரு தின்ற இடங்களை அவரே சுரண்டி, பட்டி பூசி மூடியிருந்தார். எஞ்சினை மூன்று தடவை பிரித்துக் கட்டியிருக்கிறார். அந்த வண்டியில் எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் முறுக்கினால் இறுகும் என்று அவர் விரலுக்குத் தெரியும். மனைவிக்கு எந்தக் கை வலிக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

ஏழு வண்டிக்கு நேர்ந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சமயம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது பெரிய மச்சான் அதை வேறு பட்டறைக்கு எடுத்துப்போனார். "வண்டி எண்ணெய் குடிக்குதுங்க" என்றான் பட்டறைக்காரன். ரோட்டரி எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். சொட்டுச் சொட்டாக எண்ணெயை உள்ளே விட்டு எரித்தால்தான் சீல் பிழைக்கும். அது தெரியாமல் அந்த எண்ணெய்க் குழாயை அடைத்து அனுப்பிவிட்டான். மச்சானுக்கு ஏகப் பெருமை. "பாத்தீங்களா மாப்பிள்ளை, ஒரே நாள்ல சரி பண்ணிட்டான்!" இவர் எழுந்து வந்து அடைப்பை எடுப்பதற்குள் சீல் காய்ந்து அறைச் சுவரைக் கீறியாகிவிட்டது. அதிலிருந்து ஏழு காலையில் குளிர்ச்சியில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஓட்டிச் சூடாக்கி அணைத்தால், ஆறும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வெளியே எடுத்தால் வீடு திரும்பும்வரை அணைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தார். ஏன் என்று சொல்லியிருந்தால் மச்சானைக் குறை சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

மாமனார் கடைசியாகப் படுத்தபோது எல்லாரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "ரெண்டுல ஒன்னு மாப்பிள்ளைக்கு" என்றார். எல்லாரும் கேட்டார்கள். எது என்று அவர் சொல்லவில்லை. எது என்று இவரும் கேட்கவில்லை.

துக்கமெல்லாம் ஓய்ந்து சில மாதம் ஆனபிறகு பெரிய மச்சான் ஒருநாள் ஷெட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, பல் டாக்டர் ஒரு அம்மா, பழைய ரோட்டரி வண்டியா சேக்கறாங்களாம். போன்ல பேசினேன். ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டையும் பாத்துட்டு ஒன்னு எடுத்துக்கறாங்க."

"எதுங்க மச்சான்?"

"அவங்களுக்கு எது பிடிக்குதோ அது. மீதி உங்களுக்கு. அப்பா வாக்கு. என்ன, சரிதானே?"

"சரிங்க" என்றார் மாப்பிள்ளை. மீதி என்ற சொல் அங்கேயே கிரீஸ் வாசனையோடு கொஞ்ச நேரம் நின்றது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. மூணு தனக்கு வேண்டும். வாழ்க்கையில் இப்படி ஒன்று வேண்டும் என்று அவருக்கு இருந்ததே இல்லை. அதைப் போய்ச் சொல்ல வேண்டிய இடம் பதினைந்தடி தூரத்தில் இருந்த முன்வீடு. அவர் போகவில்லை. அதற்குப் பதிலாக அவர் மூளை மெக்கானிக் வழியில் ஓடியது. டாக்டர் அம்மா எதைப் பார்ப்பாள்? எஞ்சினை. எந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதோ அதைத்தான் எடுப்பாள். ஏழு வண்டியை அவள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, அணைக்காமல் ஓட விட வேண்டும். மூணு ஸ்டார்ட் ஆகக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூணு வண்டியில் உட்கார்ந்தார். பெட்ரோல் கூடுதலாகப் போகட்டும் என்று சோக்கை முழுக்க இழுத்தார். சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது, அவ்வளவு நல்ல எஞ்சின். நாலடி முன்னால் நகர்த்தினார். அணைத்தார். இத்தனை வருஷம் யாரையும் செய்ய விடாத காரியத்தைத் தன் கையால் செய்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மேலே போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஸ்டார்ட் பண்ணி உடனே அணைச்சிட்டீங்க?"

"இடம் மாத்தி வச்சேன்."

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். மூணுக்கும் ஏழுக்கும் நடுவில் வளர்ந்த பெண், எந்தச் சத்தம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அம்மா தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், வெட்டிய தலைமுடி, கால்சட்டை, கையில் ஒரு மருந்துப்பெட்டி மாதிரிப் பெட்டி. பெரிய மச்சான் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார். டாக்டர் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அதைத் துணியில் சுற்றி மூணு வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்சக்கர வளைவில் காந்தம் பிடிக்காமல் நழுவிக் கையில் விழுந்தது.

"உள்ள தகடு இல்ல. பட்டி" என்றார்.

"துரு பிடிச்சிருந்ததுங்க. நான்தான் பூசினேன்" என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போது உள்ளே ஒரு சந்தோஷம்.

ஏழு வண்டியில் காந்தம் போன இடமெல்லாம் சப்பென்று ஒட்டியது. டாக்டரின் முகம் மலர்ந்தது. ஏழு அப்போது ஓடிக்கொண்டே நின்றது.

"வண்டியை அணைக்கவே மாட்டீங்களா? பெட்ரோல் உங்க வீட்டுக் கிணத்துலயா வருது?" என்று டாக்டர் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். இனி ஆறும்வரை அது பிடிக்காது. நல்லவேளை, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. ஒரு பிளக்கை மட்டும் கழற்றச் சொன்னார். இவர் துணியால் பிடித்துச் சுடச்சுடக் கழற்றினார். டாக்டர் பெட்டியிலிருந்து விரல் மாதிரி ஒரு சின்ன கேமராவை எடுத்தார். நோயாளிகள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிறது. அதை பிளக் துவாரத்துக்குள் விட்டுத் திரையைப் பார்த்தார். எஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றச் சொன்னார். இன்னும் கொஞ்சம்.

"என்ன டாக்டர், சொத்தைப் பல்லா?" என்றான் சின்ன மச்சினன்.

"லேசா" என்றார் டாக்டர். திரையில் தெரிந்த கீறலை மாப்பிள்ளையும் பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் அதைப் பார்த்தார்கள்.

கேமராவைத் துடைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார். "இத்தனை வருஷம் ரெண்டையும் பாத்துக்கிட்டது நீங்கதானே. உங்க கணக்குல எது நல்ல வண்டி?"

"ஏழுதாங்க. எஞ்சினை முன் சக்கரத்துக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கான், பாரம் சமமா நிக்கும். வளைவுல நீங்க நினைக்கற பக்கம் அதுவே திரும்பும். மூணு அப்படி இல்ல, பள்ளத்துல இறங்கினா முதுகுல குத்தும்."

"ஓட்டறதுக்குச் சரி. சேத்து வைக்கறதுக்கு?"

"அதுக்கும் ஏழுதாங்க."

டாக்டர் சிரித்தார். "ஏழு வண்டியைக் கொள்ளைகொள்ளையாப் பண்ணித் தள்ளிட்டான். தேடினா இன்னொன்னு கிடைக்கும். மூணு எங்க கிடைக்குது? பாதியை ரேஸ்ல மோதி நொறுக்கிட்டாங்க, பாதியைத் துரு தின்னுடுச்சு. மிச்சத்துல வேற எஞ்சினைத் தூக்கி வச்சுட்டாங்க. சொந்த எஞ்சினோட நிக்கற மூணு வண்டியைப் பாத்து எனக்கு ரொம்ப நாளாச்சு."

"துருங்க டாக்டர், அதுல துரு" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் பேசிய பேச்சு அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பேசுவது.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க மூணு வண்டியை."

சாவியைத் திருப்பினார். சுற்றியது. மறுபடி. சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை ஷெட்டு முழுக்கப் பரவியது.

"என்ன மாப்பிள்ளை இது?" பெரிய மச்சானின் குரல் கூர்மையாகிவிட்டது. "ஆள் வந்து நிக்கும்போது காலை வாருது? ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன்ல?"

"யாராவது தொட்டிருப்பாங்க" என்றார் டாக்டர்.

"யாரு தொடறது?" சின்ன மச்சினன் சிரித்தான். "அத்தான் கொன்னே போட்டுடுவாரு. நான் ஒரு தடவை நாலடி நகத்திட்டு வாங்கின திட்டு இருக்கே, ஆயுசுக்கும் போதும். அன்னிலேர்ந்து இந்த வண்டிச் சாவி அவரு இடுப்புலதான்."

டாக்டர் அம்மா குனிந்து சோக்கைப் பார்த்தார். தரையில் தூசி இல்லாமல் சுத்தமாக நின்ற நாலு சக்கரத் தடத்தைப் பார்த்தார். நாலடி பின்னால் இருந்தது அது. பிறகு, வண்டிக் காகிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டார். மச்சானும் மச்சினனும் எடுத்துவர உள்ளே போனார்கள்.

ஷெட்டில் இருவர் மட்டும்.

"நேத்து நீங்கதான் நகத்தினீங்க."

மாப்பிள்ளை ஸ்பேனரைத் துடைத்தார்.

"நான் ஏழுக்காகத்தான் வந்தேன், தெரியுமா?" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "எஞ்சின் போனா எனக்கென்ன? என் வீட்டுல ரெண்டு எஞ்சின் சும்மா உருண்டுக்கிட்டுக் கிடக்கு. சேக்கறவங்க தகடைத்தான் பாப்பாங்க. ஏழுல தகடு கண்ணாடியா இருக்கு. மூணு அபூர்வம்தான், ஆனா உடம்பெல்லாம் பட்டி. மனசுல ஏழுன்னு முடிவே பண்ணிட்டேன். அப்பதான் இது ஸ்டார்ட் ஆகல. பெத்த பிள்ளை மாதிரிப் பாத்துக்கிட்ட ஆளு, ஒரு வண்டி எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு அதை இந்தப் பாடு படுத்தறாருன்னா, அதுல என் கண்ணுக்குத் தெரியாத என்னவோ இருக்கு. இனிமே அதை எப்படி விட்டுட்டுப் போறது?"

மாப்பிள்ளை துடைத்துக்கொண்டே இருந்தார். ஸ்பேனரில் துடைக்க ஒன்றும் இல்லை.

"மீதி வண்டி உங்களுக்குன்னு உங்க மச்சான் போன்ல சொன்னாரு. இன்னும் ஒன்னும் பேசி முடிக்கல. உங்களுக்கு இது வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஏழு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். எனக்கு அதுவும் சரிதான்."

ஒரு வார்த்தை. அது அவர் தொண்டை வரைக்கும் வந்தது. அவருக்கே தெரிந்தது, வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்த அந்தப் பழைய முகங்கள் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன.

"அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். நல்ல மனுஷி. பிறகு பெட்டியை மூடினார்.

மச்சான் காகிதங்களோடு வந்து, "ஏழுதானே டாக்டர்?" என்றார்.

"மூணு."

"மூணா? அது ஸ்டார்ட்டே ஆகலையே!"

"ஆகும். இவரு பண்ணித் தருவாரு."

அவர்தான் பண்ணித் தந்தார். பெட்ரோல் பம்பின் வயரைப் பிடுங்கிவிட்டு நாலு பிளக்கையும் கழற்றினார். எஞ்சினை வெறுமனே சுற்ற விட்டார். உள்ளே தேங்கிய பெட்ரோல் துவாரம் வழியாகப் பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது. பிளக்குகளைக் காய வைத்தார், துளி எண்ணெய் விட்டார், மாட்டினார். இதற்குள் மச்சான் நாலைந்து தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க டாக்டர், இவரு கொஞ்சம் நிதானம்" என்றார். சின்னவன், "அத்தான், அவங்க மனசு மாறறதுக்குள்ள!" என்றான்.

வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகை. இருமிக்கொண்டே எல்லாரும் வெளியே ஓடினார்கள். அவர் மட்டும் உள்ளே, புகைக்குள், எஞ்சின் சூடாகும்வரை உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்திய யாருக்காகவும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த அளவு ஒரு பிடிவாதம் அவரிடம் மிச்சம் இருந்தது. அப்புறம் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை எடுத்தா நல்லா சூடாகிற வரைக்கும் அணைக்காதீங்க டாக்டர்" என்றார்.

"தெரியும்" என்றார் டாக்டர். தான் வந்த வண்டியை எடுத்துவர நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, மூணு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் கியர் மாற்றியது கேட்டது. சரியாக மாற்றினார். அதுகூட ஒரு வருத்தம்.

மச்சான் ஏழு வண்டியின் சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். "அப்பா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம். நல்லது உங்களுக்குத்தான் நின்னிருக்கு பாருங்க, பளபளன்னு. அந்த அம்மாவுக்கு வண்டியே பாக்கத் தெரியல." சின்னவன் போனில் படம் எடுத்தான். "அத்தான், சிரிங்க." சிரித்தார். உள்ளே செத்துக் கிடக்கும் எஞ்சினைப் பற்றி இப்போது எப்படிச் சொல்வது? அது செத்தது இவருக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி வரும். யாரால் செத்தது என்ற கேள்வி வரும்.

மேலே போனார். மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"அந்த அம்மா கேட்டப்ப நான் படிக்கட்டுலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். பெட்ரோல் நாற்றம்.

"எனக்கு வேணும்னு சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான். எல்லாரும் அதாலதான் கேக்கறாங்க." அவள் திரும்பினாள். "அண்ணன்கிட்ட வேணாம், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் போய்க் கேட்டு வாங்கிக் குடுத்திருப்பேன். திருட்டுத்தனமா ராத்திரி வர்றவன் மாதிரி, சொந்த வண்டியைக் கெடுத்து வச்சுட்டு..."

"விடு."

"என்னைக்கூட நீங்க கேக்கலையேங்க. எங்கப்பா குடுத்தாரு, வாங்கிக்கிட்டீங்க. மூணுக்காவது ஏங்குனீங்க. அதை நான் பாத்துக்கிட்டிருந்தேன், சனிக்கிழமை."

அவர் சட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். அலசினார். நாற்றம் போகவில்லை, மறுபடி அலசினார்.

மறுநாள் முழுக்க யோசித்தார். ஏழின் எஞ்சினை இறக்கிப் பிரித்து, தேடிப்பிடித்து ஓர் அறையும் சீலும் வாங்கிப் போட்டால் வண்டி பிழைக்கும். அதற்கு ஷெட்டு வேண்டும், செலவுக்கு வெளி வேலை வேண்டும். அவள் சொன்னது உள்ளே முள்ளாக நின்றது. செவ்வாய்க்கிழமை மதியம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மச்சானின் டைல்ஸ் கடைக்கு நடந்தே போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வெயில் நேரம், கடையில் கூட்டமில்லை. குளியலறை டைல்ஸ் வரிசைக்கு நடுவே மச்சான் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, அதிசயமா இருக்கே! என்ன விஷயம்?"

நின்றபடியே சொன்னார். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "எனக்கு ஷெட்டு வேணுங்க மச்சான். சொந்தமா பட்டறை போடறேன்."

மச்சான் குச்சியைக் கீழே போட்டார். அவருடைய முகத்தில் நிஜமான வருத்தம் வந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அடடா, இதை நேத்து சொல்லியிருக்கலாமே! இன்னிக்குக் காலைலதான் பெயிண்ட் கம்பெனிக்காரனுக்கு கோடவுனுக்குன்னு பேசி முடிச்சேன். வீட்டுக்குன்னு வண்டி இல்லாம போச்சே, ஷெட்டு எதுக்குச் சும்மா கிடக்கணும்னு. நீங்கதான் வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டீங்களே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "ஏழு வண்டியை மட்டும் வாரக் கடைசிக்குள்ள எங்கயாவது நிறுத்திக்கோங்க, என்ன? ஓட்டிக்கிட்டுப் போற வண்டிதானே."

"சரிங்க."

"வெயில்ல நடந்தா வந்தீங்க? முகமெல்லாம் கறுத்துப்போச்சு. உக்காருங்க, குடிக்க ஏதாவது சொல்றேன்."

"வேணாங்க மச்சான்" என்றார் அவர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.